இருப்பு சரிபார்ப்பு

முக்கூடல் கிளை நூலகத்தில்
அந்த நாவலுக்கு எண் 4417.
பொதிகையில், பாணதீர்த்தத்துக்கும் மேலே
மனிதர் கண்ணில் படாத ஓர் இனம்.
ஆசிரியை அவர்களை ‘ஃபே’ என்கிறார்.
யாரோ ஒருவர், முதல் பக்கத்திலிருந்து
அறுபதாம் பக்கம் வரை பொறுமையாக
ஆய்த எழுத்தை அடித்து
கடைசியில் ஒரு ‘ய்’ போட்டிருக்கிறார்.
அறுபத்தொன்றில் பேனா தீர்ந்திருக்கும்,
இல்லையென்றால்
கதை பிடித்துப்போயிருக்கும்.

கொம்பையா ரயில்வேயில் கீமேன்.
அம்பாசமுத்திரத்துக்கும் கீழாம்பூருக்கும் நடுவே
தண்டவாளத்தைத் தட்டித் தட்டி நடக்கிறவர்.
புத்தகத்தை மேசையில் போட்டார்:
“இரும்பு பட்டா பொசுங்கிருவாகன்னு எழுதிருக்கு.
எம்பத்தெட்டாம் பக்கத்துல அந்தப் பொம்பள
செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறுதா.
எப்பிடிவே?
பெட்டிய என்ன பனையோலையிலயா செஞ்சிருக்கான்?”
கேட்டுவிட்டு,
ரெண்டாம் பாகம் வந்திருக்கா என்றார்.

பிரிஸில்லா, நர்சிங் இரண்டாமாண்டு,
இளவரசன் வருகிற இடமெல்லாம்
பென்சிலால் மெலிதாக அடிக்கோடிட்டிருக்கிறாள்.
அவன் முந்நூறு வருஷம் காத்திருந்ததற்கு
இரட்டைக் கோடு.
அதே இடத்தில், பச்சை மையில், வேறொரு கை:
“தூக்கிட்டுப் போயி பூட்டி வச்சவன் காதலனாம்.
சவத்தத் தள்ளு.”
அதற்குக் கீழே பென்சில், பொடி எழுத்தில்:
“அவனுக்கு வேற வழியில்ல.”
பச்சை மை திரும்ப எடுத்திருக்கிறது,
மார்ச்சில் ஒருமுறை, ஜூனில் ஒருமுறை.
“எல்லாவனும் இதத்தான் சொல்லுதான்.”

சபை ஊழியர் ஜெபசிங்
அஞ்ஞானம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்.
அவருடைய காணிக்கைக் கவர்
கடைசி அத்தியாயத்தில் இருந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நூற்றி நாற்பதாம் பக்க இடுக்கில் புகையிலைத் தூள்.
அதன் பிறகு எடுத்த எல்லோரும்
அங்கே தும்மியிருப்பார்கள்.
மைதீன் பாத்து மடியில் தட்டு,
தட்டுக்கு அடியில் புத்தகம்.
“ஆட்டமும் பாட்டும் எனக்குப் பிடிக்கல.
அங்க ஒரு ராத்திரி ஆடிட்டு வந்தா
இங்க நூறு வருஷம் போயிருதுல்லா,
அது மட்டும் நெசம்.
ஆயிரம் பீடி சுத்தி நிமுந்து பாத்தேன்,
மவளுக்குப் பன்னெண்டு வயசு.”

சரி.
போன வாரம்தான் கவனித்தேன்,
312-க்குப் பிறகு கடைசித் தாள் இல்லை.
எப்போது போனது, ஐப்பசி மழைக்கு முன்பா பின்பா,
யார் கிழித்தது, தெரியாது.
312 இப்படி நிற்கிறது:
“ஆற்றில் கால் வைத்தவள், திரும்பிப் பார்த்து,”

தேதிச் சீட்டில் எண்ணினேன்.
மழைக்குப் பிறகு மட்டும் பதினொரு பேர்.
ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.
மருந்துக்கடைக்காரர், முடிவு சப்புன்னு இருக்கு என்றார்.
சத்துணவு அமைப்பாளர் பேச்சிக்கனி
கடைசி வரியில் அழுதேன் என்றார்.
ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு பேர்,
அவள் வீடு வந்து சேர்ந்தாள், இல்லை
மலையேறிவிட்டாள் என்று
பாப்பாக்குடி பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.
பச்சை மை மட்டும்
அந்தக் கடைசிக் காற்புள்ளியைச் சுற்றி
ஒரு வட்டம் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறது.

இன்று நெல்லையிலிருந்து ஆய்வாளர்.
தாள் குறைந்தால் சேதக் கணக்கு,
சேதக் கணக்கு என்றால் எடைக்கு.
4417, பக்கங்கள் முழுமையா? என்றார்,
நிமிராமல்.

ஃபேக்களுக்குப் பொய் வராது.
வாயைத் திறந்தால் உண்மைதான்,
பத்தொன்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது.

நான் முக்கூடல்காரன்.
முழுமை என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.